ஆரஞ்சு நாக்கு

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். அவர் கொடுத்தனுப்பும் பெட்டியில் ஆரஞ்சுக் குளிர்பானப் பொடி டின் கட்டாயம் இருக்கும். எங்கள் ஊரான தேங்காப்பட்டணத்தில் விருந்தாளிக்கும் அதைத்தான் கலக்கிக் கொடுப்போம். ஆறு வயது மகள் ஸைனப் தினமும் நான்கு தம்ளர் குடிப்பாள். வாப்பா அனுப்பியதாயிற்றே என்று நானும் தடுத்ததில்லை.

சில மாதங்களாக அவளுக்கு எதற்கெடுத்தாலும் கோபம். சரியான தூக்கமும் இல்லை. சேட்டை என்று நினைத்து அடித்தும்விட்டேன். ஒருநாள் புதுக்கடை சந்திப்பில் என் கையை உதறிவிட்டுச் சாலைக்குள் ஓடினாள். ஆட்டோக்காரர் சட்டென்று பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மீன், முட்டை, கீரை என்று பெருமையாகச் சொன்னேன். அவரோ அவளுடைய ஆரஞ்சு நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் குளிர்பானப் பொடியைப் பற்றிச் சொன்னேன்.

"கலர்ப்பொடி சில பிள்ளைகளுக்கு ஒத்துக்காது. இதுதான் காரணம்னு உறுதியாச் சொல்ல மாட்டேன். ரெண்டு வாரம் நிறுத்திப் பாருங்க."

முதல் நான்கு நாள் அழுதே வீட்டை ரெண்டாக்கினாள். பிறகு கோபம் குறைந்தது, தூக்கம் வந்தது. அடித்ததை நினைத்தால்தான் இன்னும் மனசு உறுத்துகிறது.

இப்போதெல்லாம் கணவர் கடையில் நின்று வீடியோ காலில் எங்களுக்குக் காட்டிய பிறகே எதையும் வாங்குகிறார். போன வாரம் ஒரு மிட்டாய் டப்பாவை ஆட்டி, "மக்கா, வேணுமா?" என்றார்.

"படத்தக் காட்டாண்டாம் வாப்பா" என்றாள் ஸைனப். "பின்னால எழுதியிருக்கதக் காட்டுங்க, உம்மா வாசிக்கட்டு."