தடுக்க முடியாத உதை

நான் ஏமாற்றினேன். ராயபுரத்தில் என்னை இன்னும் 'சாம்பியன்' என்று அழைக்கும் அத்தனை மடையர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்... ஏமாற்றித்தான் ஜெயித்தேன்!

நீ சிரிப்பாய். வீடியோ கேமில் ஏமாற்றியதற்கெல்லாம் ஒரு வாக்குமூலமா என்பாய். உனக்கென்ன தெரியும்? தோற்றால் ஒரு பொத்தானை அழுத்திப் பின்னோக்கிப் போய், தோற்காததுபோல் மறுபடி ஆடுகிறவன் நீ. மெத்தையில் படுத்துக்கொண்டு சண்டை போடுகிறாய்! எங்கள் காலத்துச் சண்டை கேமைத் தூசி தட்டி மறுபடி வெளியிட்டிருக்கிறார்களே, அது உன்னைப் போன்றவர்களுக்காகத்தான். அதை எள்ளி நகையாடி யூடியூபில் பேசுவதுதான் இப்போது என் பிழைப்பு.

எங்கள் தெருமுனைக் கேம் கடையில் ஒரு சட்டம் இருந்தது. ஜெயித்தவன் இடப்பக்கம் நிற்பான்; மோத வருபவன் வலப்பக்கம். இடப்பக்கம் என்னுடையது. அதைப் பறிக்கக்கூடியவன் ஒருவனே... என் நண்பன் தாஸ். என்னைவிட நன்றாக ஆடுவான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

மாதா கோயில் கொடியேற்றத்தன்று எங்கள் போட்டி. காசு சிக்கினால் எடுப்பதற்காக, யந்திரத்தின் பின்கதவுச் சாவியைக் கடைக்காரர் என்னிடம் நம்பிக் கொடுத்திருந்தார். காலையில் திறந்தேன். ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் அடியில் ஒரு தகடு தொட வேண்டும். தொட்டால்தான் எதிரியின் அடியைத் தடுக்க முடியும். வலப்பக்கத் தகட்டை விரலால் சற்றே வளைத்தேன். அவ்வளவுதான்! இனிச் சில சமயம் தடுக்கும், பல சமயம் தடுக்காது.

ஏன் செய்தேன்? தோற்றுவிடுவேன் என்ற பயம்... வேறு என்ன காரணம் வேண்டும்?

தெருவே கூடியிருந்தது. தாஸ் பின்னால் இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான்... என் உதைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. அன்றைக்கே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: ஒதவாங்கி தாஸ். அவன் கல்யாண பேனரிலும் அந்தப் பெயரையே கொட்டை எழுத்தில் போட்டோம். போடச் சொன்னவனே நான்தான்! மணப்பெண் அதைப் படித்துவிட்டு அவனைப் பார்த்த பார்வை... அதற்கும் சிரித்தேன்.

தகட்டை நான் நிமிர்த்தவே இல்லை. அதனால் அந்த உதையைத் தடுக்கவே முடியாது, கேமே அப்படித்தான் என்று தெரு முழுக்க நம்பியது. இன்றும் நம்புகிறது.

சென்ற மாதம் தாஸ் போன் செய்தான். இப்போது எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். மகளுக்காகப் புதுப் பதிப்பை வாங்கினானாம். குரலில் அப்படியொரு கொதிப்பு.

"இன்னா மாமு இது, கேமையே கலீஜ் பண்ணி வச்சிகிறானுங்கோ! அந்த ஒதைய தடுத்தா தடுக்குது மாமு! பசங்க அழுவும்னு ஈஸியாக்கிட்டானுங்கோ. நீ உன் சேனல்ல கிழிச்சி தொங்கவுடு."

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? மறுநாளே கிழித்துத் தொங்கவிட்டேன்! 'கோழைகளுக்காக மாற்றிவிட்டார்கள்' என்று கத்தினேன். பழைய ஆட்கள் எல்லோரும் வந்து கைதட்டிவிட்டுப் போனார்கள். மூடர்கள்... அவர்களை மூடர்களாக்கியவன் நான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆன்லைனில் மோதலாம் என்று தாஸ் கூப்பிட்டான். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஆடினோம். என் உதைகளை ஒவ்வொன்றாகத் தடுத்தான். நிதானமாக, சோம்பலாகக்கூடத் தடுத்தான்! ஒரு சுற்றுகூட என்னால் ஜெயிக்க முடியவில்லை. இப்போது புரிந்துகொள்வான், இப்போது கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டுவிடடா என்று மனதுக்குள் கெஞ்சவும் செய்தேன்.

"ஃபீல் பண்ணாத மாமு," என்றான் தாஸ். "இது டூப்ளிகேட்டு. ஒரிஜினல் மிசின்ல நின்னா நீதான் ராஜா, நான் ஒதவாங்கிதான்."

"நைனா, நீ ஒதவாங்கியா?" என்று அவன் மகள் பின்னாலிருந்து சிரிப்பது கேட்டது. தாஸும் சேர்ந்து சிரித்தான்.

"ஆமாண்டா, நீ ஒதவாங்கிதான்," என்றேன் நான்.