சிவப்பு வண்டியும் மஞ்சள் வண்டியும்

அன்று காலை அந்தப் புல்வெளியில் அம்மா இருந்தாள், சித்தப்பா இருந்தார், நான் இருந்தேன். அம்மாவோடு சேர்ந்து புல் வெட்டும் ஆறு பெண்களும் மழைமரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு வண்டியை விற்க வந்த இரண்டு பேர் இருந்தார்கள். அப்பா இல்லை. பெங்களூர் பீன்யாவில் ஃபேக்டரி வேலை, அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். "நீங்க மூணு பேரும் பார்த்து முடிவு பண்ணுங்க, எனக்கு வண்டியைப் பத்தி இன்னா தெரியும்" என்று முதல் நாளே கழன்றுகொண்டார். எங்களை அங்கே வரச்சொன்ன மேஜர் சாரும் இல்லை. அவருக்கு ஞாயிறு காலை கோல்ஃப்.

மேஜர் சார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கட்டடங்களையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புல் வெட்டும் காண்ட்ராக்ட் அம்மாவின் பெயரில் இருந்தது. முதலில் கூலிக்குத்தான் போனாள். அல்சூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வெட்டுவாள். வேலை எடுத்திருந்த ஆள் பாதியில் விட்டுவிட்டு ஓடியபோது, "நானே செஞ்சு குடுக்கறேன் சார்" என்று நேராக மேஜரிடம் போய்க் கேட்டாள். டெண்டர் தாள்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தது நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருஷம். எதை நீட்டினாலும் படித்துச் சொல்லிவிடுவேன் என்ற தைரியம் எனக்கு இருந்தது. அந்த தைரியம் வீண் போகவும் இல்லை.

கம்பெனிக்கு ஒரு கட்டடம் இருந்தது மூன்றாயிற்று. புல்வெளி அதைவிட வேகமாக வளர்ந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்கும் இடம், ஒரே மட்டமாக, கோடு போட்டது மாதிரி இருக்க வேண்டும் என்றார் மேஜர். அரிவாளால் வெட்டினால் அந்தக் கோடு வராது. ஏப்ரலிலிருந்து உட்கார்ந்து ஓட்டும் மெஷினில்தான் வெட்ட வேண்டும், மெஷின் காண்ட்ராக்டருடையதாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு மெஷினைப் பற்றிப் பயம் இல்லை. அந்த ஆறு பேரைப் பற்றித்தான் பயம். எல்லாம் எங்கள் தெரு, பக்கத்துத் தெரு. ஒருத்தியின் புருஷன் படுக்கையில். ஒருத்திக்குப் புருஷனே கிடையாது. "மெஷின் வாங்கறேன். ஆனா இதுல ஒருத்தியைக்கூட நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அப்படி ஒரு மெஷின் இருந்தா காட்டு" என்று என்னிடம் சொன்னாள். பணத்தில் பெரும்பங்கு சித்தப்பாவுடையது. அதற்காக அவர் ஆட்டோவை விற்க முடிவு செய்து, வாங்குகிற ஆளிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். ஆகவே ஓட்டிப் பார்த்துச் சொல்லும் உரிமை அவருக்கு. எனக்கு, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கும் வேலை.

சிவப்பு வண்டியைக் கொண்டுவந்தவன் என் வயசுப் பையன். டை கட்டியிருந்தான். கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசினான். அவன் கம்பெனி வண்டி வெளிநாட்டிலிருந்து வருவது. மஞ்சள் வண்டிக்காரர் நாற்பதைத் தாண்டியவர், வேலூர்ப் பக்கம். வந்ததுமே அம்மாவை "அக்கா" என்றார், சித்தப்பாவுக்கு பீடி கொடுத்தார். வண்டியை இறக்குவதற்கு முன்பே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது.

இரண்டுமே பார்க்க சின்ன டிராக்டர் மாதிரிதான். முன்னால் இன்ஜின், பின்னால் சீட், வயிற்றுக்கு அடியில் கவிழ்த்த தாம்பாளம் போல ஒரு மூடி. அந்த மூடிக்குள் பிளேடுகள் படுக்கைவசமாகச் சுழலும்.

சித்தப்பா முதலில் சிவப்பில் ஏறினார். டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினார். வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. பத்தடி போனதும் நின்றது. மறுபடி கிளப்பினார். திருப்பத்தில் நின்றது. இன்னொரு தடவை.

மரத்தடியில் வாய் அதிகமான ஒரு அக்கா உண்டு. "இன்னாண்ணா, சிக்னல் விழுந்துச்சா?" என்றாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏய், சும்மா இரு" என்று சித்தப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். டை கட்டிய பையனைப் பார்த்து, "இன்னா குரு, புது வண்டியே இப்படி பேஜார் பண்ணுது? கார்புரேட்டர்ல கச்சடா மாட்டிக்கிச்சா?" என்றார்.

பையன் பெட்ரோலைப் பார்த்தான், பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. "ஒன் மினிட் சார்... இல்லா சார், ஷோரூம்ல சென்னாகி, நல்லா ஓடித்து சார்" என்றான். அவன் ஏறி ஓட்டினால் நிற்காமல் ஓடியது. சித்தப்பா ஏறினால் நின்றது.

"வண்டிக்கு என் மூஞ்சி புடிக்கல" என்று இறங்கிவிட்டார் சித்தப்பா.

மஞ்சள் வண்டி அப்படி இல்லை. ஏறியதும் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மரத்தை வளைத்துக்கொண்டு எட்டு போட்டார். வெட்டிய புல் பக்கவாட்டில் சிதறிக்கொண்டே வந்தது. சித்தப்பாவின் முகத்தில் புது ஆட்டோ எடுத்த நாளின் களை. மஞ்சள்காரர் அம்மாவின் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களாக்கா? ஒரே ஆள் போதும். வழியில கல்லு கில்லு கிடந்தா அவரே இறங்கி எடுத்துப் போட்டுட்டு அவரே ஏறிப்பாரு. இன்ஜின் ஆஃப் பண்ணக்கூட வேணாம். கூலி மிச்சம், டைம் மிச்சம். இந்த ஆறு பேரு செலவே உங்களுக்கு இல்ல" என்றார்.

அதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. மரத்தடியில் சிரிப்பு நின்றது. அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கோபம் வந்தால் அப்படிச் செய்வாள்.

அதே நேரத்தில் சித்தப்பாவின் வழியில் ஒரு இளநீர் மட்டை கிடந்தது. இருபது வருஷம் ஆட்டோ ஓட்டிய மனிதர். ஓடுகிற இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு இறங்கி டீ குடித்து, சண்டை போட்டு, சில்லறை மாற்றிக்கொண்டு வருகிற பழக்கம். கியரை எடுத்தார், குதித்தார், வண்டிக்கு முன்னால் குனிந்தார். மட்டை மூடியின் ஓரத்தில் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. கையை நீட்டினார்.

"தம்பீ!"

அம்மா அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. சித்தப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். மஞ்சள் வண்டி தன்பாட்டுக்கு நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே பிளேடு சுற்றும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மஞ்சள்காரர் ஓடிவந்து சாவியைத் திருப்பினார்.

"இன்னா அண்ணி, சட்டை கிழிஞ்சிடுச்சு" என்றார் சித்தப்பா. விரல்களை ஒரு தடவை மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

"சட்டைதானே கிழிஞ்சுது. எழுந்திரு" என்றாள் அம்மா.

எனக்கு அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. ஒரு வண்டி ஆள் உட்கார்ந்திருக்கும்போதே நிற்கிறது, இன்னொன்று இறங்கிப் போனாலும் நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. நான் போய் மஞ்சள் வண்டியின் சீட்டைத் தூக்கினேன். அடியில் இரண்டு வயர்களை முறுக்கிச் சேர்த்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவை போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. சிவப்பு வண்டியின் சீட்டைத் தூக்கினேன். அதே இடத்தில் கட்டைவிரல் அளவு ஒரு சுவிட்ச். ஆள் உட்கார்ந்தால் சீட் இறங்கி அதை அழுத்தும். ஆள் எழுந்தால் இன்ஜின் செத்துவிடும், பிளேடும் நின்றுவிடும்.

"இதைக் கழட்டிட்டீங்களா?" என்று மஞ்சள்காரரைக் கேட்டேன்.

"நம்ம ஊருக்கு அதெல்லாம் ஒத்துவராது தம்பி. இறங்கி இறங்கி ஏறணும், ஒவ்வொரு வாட்டியும் ஸ்டார்ட் பண்ணிட்டு இருப்பாங்களா? எல்லாரும் கழட்டித்தான் ஓட்டறாங்க."

"மறுபடி மாட்டித் தருவீங்களா?"

"ஸ்பேர் வரவழைக்கணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார். வண்டி செய்த கம்பெனி சுவிட்ச் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறது. பிடுங்கியது இவர்.

சரி, சிவப்பு வண்டி ஏன் சித்தப்பாவுக்கு மட்டும் நின்றது? அவரை மறுபடி ஏறி உட்காரச் சொல்லிப் பின்னால் போய் நின்றேன். பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டின் வலது ஓரத்தில் பாதி உடம்பு, மீதி பாதி வெளியே. இடது பக்கம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலி. அந்தக் காலி இடம் எனக்கு நன்றாகத் தெரியும். சவாரி நிறைய இருக்கும் காலை நேரத்தில், பின்னால் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, என்னை அவர் அந்த இடத்தில்தான் ஒட்டி உட்காரவைத்து ஸ்கூலில் இறக்கிவிடுவார். நான் இறங்கிப் பல வருஷம் ஆகியும் அவர் நடுவுக்கு நகரவில்லை. திருப்பத்தில் உடம்பு இன்னும் ஓரத்துக்குப் போகும். சீட் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். வண்டி, ஆள் இறங்கிவிட்டான் என்று நினைத்து நின்றுவிடும்.

"சித்தப்பா, நடுவுல உக்காருங்க."

"நடுவுலதான்டா உக்காந்திருக்கேன்."

"யாருக்குண்ணா அந்தப் பக்கம் இடம் புடிச்சு வச்சிருக்கே?" என்றாள் வாய் அக்கா. "கல்யாண மாப்ள மாதிரி நிமிந்து உக்காரு."

சித்தப்பா முறைத்துக்கொண்டே நகர்ந்தார். முதுகை நேராக்கினார். இரண்டு முழங்காலும் எங்கே போவது என்று தெரியாமல் விழித்தன. சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது, திரும்பியது, மரத்தைச் சுற்றியது, நிற்கவே இல்லை. அவர் போன வழியில் புல் ஒரே மட்டமாக, மேஜர் கேட்ட கோடு மாதிரியே கிடந்தது. வெட்டிய புல்லும் சிதறாமல் பின்னாலிருந்த பையில் போய் விழுந்தது. மஞ்சளைவிட வெட்டு சுத்தம் என்று நான் சொல்வதற்குள் மரத்தடியிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத புல்லா.

டை கட்டிய பையனுக்கு உயிர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் என் காதருகே வந்து, "சார், பேக்கு அந்த்ரே, வேணும்னா, நானும் அந்த வயரை ஜாயின் பண்ணிக் கொடுக்கறேன். ஃப்ரீ" என்றான். அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

"அதைத் தொட்டே, வண்டி வேணாம்" என்றாள்.

"அப்ப வழியில கல்லு கிடந்தா இன்னா அண்ணி பண்றது?" என்றார் சித்தப்பா. "ஒவ்வொரு கல்லுக்கும் இறங்கினா, ஒவ்வொரு வாட்டியும் நிக்கும். சாயங்காலம் வரைக்கும் சாவி திருப்பிக்கிட்டே இருப்பேன்."

அம்மா மரத்தடியைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கேட்ட மெஷின் கிடைத்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ எதுக்கு இறங்கறே? நீ நடுவுல குந்திக்கினு நிம்மதியா ஓட்டு. மூணு பேரு உனக்கு முன்னால போவாங்க. கல்லு, மட்டை, பிளாஸ்டிக் கப்பு எல்லாம் பொறுக்கிட்டு வழி விட்ட பின்னாடிதான் நீ வரணும். மரத்தைச் சுத்தி, சுவரு ஓரம் எல்லாம் உன் வண்டி நுழையாது. அது மத்த மூணு பேரு அரிவாள்ல." அம்மா விரலை மடக்கிக் காட்டினாள். "ஆறு ஆச்சா?"

"ஆச்சு" என்றேன் நான்.

"மேஜருக்கு இதை இங்கிலீஷ்ல எழுது. சேஃப்டின்னு போடு. அந்த வார்த்தைன்னா அவருக்குப் புடிக்கும்."

எழுதினேன். வண்டிக்கு முன்னால் ஆள் நடப்பது வீண் செலவு என்று யாரும் பிற்பாடு பேசாதபடி, அது வேலையின் பாகம் என்றே காண்ட்ராக்டில் வரும்படி எழுதினேன். மேஜர் படித்துவிட்டு ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். ஏப்ரலில் எட்டுப் பேரும் கம்பெனி கேட் வழியாக உள்ளே போனார்கள். அம்மா முன்னால், சித்தப்பா வண்டியில், நடுவில், நேராக.

அன்று மஞ்சள்காரருக்கும் அம்மா டீ வாங்கிக்கொடுத்துத்தான் அனுப்பினாள். "தெரிஞ்சவங்கன்னு பார்த்தேன்க்கா" என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டே வண்டியை ஏற்றினார்.

சிவப்பு வண்டிக்கு விலை பேசியது நான். புதுசு வேண்டாம், ஓட்டிக் காட்டக் கொண்டுவந்த அந்த வண்டியையே எடுத்துக்கொள்கிறோம் என்றதும் நன்றாக இறங்கி வந்தார்கள். புல் சேரும் பை, ஒரு ஜோடி உபரி பிளேடு, ஒயிட்ஃபீல்டு வரை டெம்போ, வாசலில் உடைத்த பூசணிக்காய், சித்தப்பாவுக்குப் புதுச் சட்டை, எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.