எத்தனை விரல்?

என் அக்கா புருஷனுக்கு வாய் எப்போதும் டாப் கியரில்தான் ஓடும். டிராக்டர் ஓட்டுவதில் தன்னை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அடுத்தவன் சொல்ல இடமே கொடுக்க மாட்டார். ஆனால் ரிவர்ஸ் எடுப்பதில் கில்லாடி என்பது உண்மை. கலப்பை மாட்ட அவர் வண்டியைப் பின்னால் கொண்டுவரும்போது, வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவே, இரண்டையும் கோக்கும் இரும்புப் பின்னைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. தலை நரைத்த பிறகும் அதே வேலைதான். என் விரல்களுக்குப் பக்கத்தில் வந்து இரும்பு சொன்னபடி நிற்கும். ஒருநாளும் நான் பயந்ததில்லை.

ஒருநாள் அந்தப் பின் இறுகிக்கொண்டு வர மறுத்தது. சுத்தியலை எடுத்தார்.

"கண்ணாடியப் போட்டுக்குங்க மச்சான்."

"எதுக்கு? என்னை மாப்பிள்ளை பாக்கவா வர்றாங்க?"

ஓங்கி அடித்ததில் ஒரு இரும்புத் துணுக்கு தெறித்து இடது கண்ணுக்குள் போய்விட்டது. "ஏதோ பூச்சி" என்று கசக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்தேன். பூச்சியாம் பூச்சி! ரத்தம் சட்டைக் காலர் வரை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து துணுக்கை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தார். "சொட்டு மருந்து போட்டா சரியாயிடுமாம்" என்றார்.

வீடே கூடிவிட்டது. ஆளாளுக்கு அவர் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டினோம்.

"இது எத்தனை?"

"மூணு."

"இது?"

"நாலு. நகத்துல அழுக்கு வேற."

கைதட்டினோம். கண் தப்பித்துவிட்டது என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். நல்ல கண்ணை மூடிவிட்டுக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு மூளை எங்கள் குடும்பத்துக்கு. அப்புறம் அவர் டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். டம்ளர் நகர்ந்துவிட்டது என்று டம்ளரைத் திட்டினார். அதையும் நம்பினோம்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நான் வழக்கம்போல நடுவில் நின்றேன். ரிவர்ஸ் வந்தார். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு துள்ளி விழுந்தேன். என் கை இருந்த இடத்தில் இரும்பும் இரும்பும் மோதின.

"கண்ணு தெரியுதா இல்லையா?" என்று கத்தினேன்.

அவர் இறங்கி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டில் அக்கா அவர் எதிரே உட்கார்ந்து, நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"எத்தனை விரல்?"

"ரெண்டு."

அவள் விரலே நீட்டவில்லை. இன்னொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"சொன்னா முதலாளி வண்டியைப் புடுங்கிடுவாரு" என்றார் அவர். "அதுல உக்காரலைன்னா நான் யாருடி?"

"என் தம்பி கை போயிருந்தா?"

எனக்கு அவர்மேல் கொலைவெறி வந்தது. பாவமாகவும் இருந்தது.

மறுநாள் அவரே முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லிச் சாவியை வைத்தார். வண்டி என் கைக்கு வந்தது. நான் ரிவர்ஸ் எடுக்கும் அழகுக்கு மாட்டுவண்டியே தேவலை. அப்படி இருந்தும் அவர் பின்னைப் பிடித்துக்கொண்டு கலப்பைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தள்ளி நில்லுங்க மச்சான். எனக்கு இன்னும் நேரா வர மாட்டேங்குது."

"வரும். கிளட்சை மெதுவா விடு. இத்தனை வருஷம் நீ இங்க எப்படி நின்னேன்னு நானும் பாக்கறேன்."

கோணலாக வந்தேன், திட்டினார். மறுபடி வந்தேன், இன்னும் திட்டினார். ஆனால் கையை மட்டும் எடுக்கவே இல்லை. ஒருவழியாகப் பின் உள்ளே இறங்கியது. இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

"அழறீங்களா மச்சான்?"

"போடா. அடிபட்ட கண்ணு, சும்மா ஒழுகுது" என்று இடது கண்ணைத் துடைத்தார். வலது கண்ணிலும் வழிந்துகொண்டிருந்தது.