பூதக்கண்ணாடி ஒதுக்கிய மாத்திரைகள்

கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் நகர்ந்து வரும் புட்டிகளில் கீறல், குமிழி, கோணல் எது தெரிந்தாலும் எடுத்து உடைசல் தொட்டியில் போடுவது வேலை. வீட்டுக்கு வந்தாலும் கண் ஓயாது. பால் பாக்கெட்டை ஜன்னலுக்கு நேரே பிடிப்பாள். தைத்து வந்த துணியின் தையலை இழுத்துப் பார்ப்பாள். சர்க்கரை டப்பா மூடியின் ஓரத்தில் தன் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டி வைப்பாள். முடி விலகியிருந்தால் இரண்டு மகள்களில் ஒருத்திக்கு அன்று பூசை உண்டு.

"கழுவின தட்டைக்கூட வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்குறா. என்னைப் பாத்து சரின்னு சொன்னப்ப மட்டும் கரண்ட் போயிருந்துச்சு போல" என்பார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

சின்னவள் நடக்க ஆரம்பித்த சமயம். ஒருநாள் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவர், "இன்னொண்ணு இருந்தா வீடு கலகலன்னு இருக்கும்ல" என்றார். பேச்சுவாக்கில் சொன்னதுதான். பூதக்கண்ணாடி அதை மனதில் முடிந்துகொண்டாள். இரண்டோடு போதும் என்பது அவள் முடிவு. அடுத்த வாரமே கிளினிக்கில் கருத்தடை மாத்திரை கேட்டு நின்றாள்.

கூட்டம் அதிகம். நர்ஸ் அவசரமாகச் சொன்னாள். தினம் ஒன்று, ஒரே நேரத்தில். ஒன்று மறந்தால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கு மேல் விட்டுப்போனால் ஒரு வாரம் ஆணுறையும் வேண்டும்.

"தலைவலி, பிரஷர் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல."

ஏதாவது சொன்னால் கொடுக்காமல் விட்டுவிடுவாளோ என்ற பயம். தவிர, வெளிச்சப் பலகைக்காரிகளில் தலைவலி இல்லாதவள் யார்? பிரஷர் கருவி அன்று பழுது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் அனுப்பிவிட்டாள்.

வீட்டில் அட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. கடைசி வரிசை மட்டும் பழுப்பு. ஒரே அட்டையில் இரண்டு நிறம் என்றால் அவள் தொழிலில் அதற்குக் கலப்படம் என்று பெயர். மீந்துபோன எதையோ நம் தலையில் கட்டிவிட்டாள் அந்த நர்ஸ் என்று நினைத்தாள். வெள்ளையை ஒருநாள்கூட விடாமல் பல் தேய்த்த கையோடு விழுங்கினாள். பழுப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாளே அடுத்த அட்டையைத் தொடங்கினாள்.

மாதவிலக்கு வரவில்லை.

நாட்கள் தள்ளத் தள்ள, கரு நின்றுவிட்டதோ என்று விரல்விட்டு எண்ணினாள். மாத்திரையைத் தவறவிடவில்லை. அப்படியென்றால் யாரோ மாற்றியிருக்க வேண்டும். வீடு கலகலவென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது ஒரே ஆள்தான். மாத்திரை வைத்திருந்த பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஒரு முடியை ஒட்டினாள். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது முடியைக் காணவில்லை.

"என் டப்பாவைத் திறந்தீங்களா?"

"திறந்தேன்."

இல்லை என்பார், அப்புறம் மடக்கலாம் என்றுதான் அவள் இருந்தாள்.

"எதுக்கு?"

"உள்ள இருக்கற காகிதத்தைப் படிக்க."

"படிச்சு? எதை எதோட மாத்தலாம்னு பாத்தீங்களா?"

"எதை மாத்தறது?" அவருக்கு விளங்கவில்லை.

"நாளைக்கு கிளினிக்குக்கு வாங்க. அங்க விளங்கும்."

கிளினிக்கில் சோதனை செய்தார்கள். கரு இல்லை.

"வெள்ளை மாத்திரை எதையாவது விட்டீங்களா அக்கா?"

"விடல. பழுப்பை மட்டும் ஒதுக்கிட்டேன். நிறம் வேற மாதிரி இருந்துச்சு."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "அது இரும்புச் சத்து மாத்திரை. அதைப் போடுற நாள்ல மருந்து உள்ள போகாது, அதனாலதான் பீரியட்ஸ் வரும். நீங்க இடைவெளியே விடாம அடுத்ததை ஆரம்பிச்சுட்டீங்க, வரல. அதனால கெடுதல் இல்ல."

வழக்கு கலைந்துவிட்டது. அவள் ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அதுக்கில்ல சிஸ்டர். இவளுக்குத் தலைவலி வர்றதுக்கு முன்னால கண்ணுல வளைஞ்சு வளைஞ்சு மின்னுது. ஒரு பக்கம் கை மரத்துப் போகுதுங்கறா. அப்படி இருந்தா இதைச் சாப்பிடக் கூடாதுன்னு காகிதத்துல போட்டிருக்கு."

"அது வெளிச்சப் பலகையால வர்றது" என்றாள் அவள்.

"லீவு நாள்லயும் மின்னுதே."

நர்ஸின் சிரிப்பு நின்றது. கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினாள். சற்று உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினாள். இரண்டு முறையும் பிரஷர் அதிகம்.

"முதல்ல கேட்டப்ப ஏன் சொல்லல? இதை இன்னையோட நிறுத்துங்க. இப்படி மின்னிட்டு வர்ற தலைவலி இருந்தா, இந்த மாத்திரையால மூளை ரத்தக் குழாய் அடைச்சுக்கற ஆபத்து கூடும். பிரஷரும் சேர்ந்தா இன்னும் மோசம். காப்பர் டி இருக்கு. டாக்டரைப் பாத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் ஆணுறை."

ஊரில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டவள், தன் மண்டையை மட்டும் சோதிக்காமல் பெல்ட்டில் போகவிட்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டாள். "என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, இன்னொரு குழந்தைக்காக நிறுத்தச் சொல்றேன்னு நினைச்சிருப்ப."

"நினைச்சிருப்பேன்." கொஞ்சம் யோசித்தாள். "இப்பவும் கொஞ்சம் நினைக்கிறேன்."

"நினைச்சுக்க" என்றார் அவர். ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

காப்பர் டி போட்டுக்கொண்டாள். மூன்றாவது குழந்தை இல்லை. பிரஷர் மாத்திரையைக் கடைசிவரை விளக்கில் பிடித்துப் பார்த்துத்தான் விழுங்கினாள்.

போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாள். வீட்டை ஒழிக்க மகள்கள் வந்தார்கள். பீரோ, தையல் பெட்டி, சர்க்கரை டப்பா எல்லாவற்றின் மூடியிலும் முடி ஒட்டியிருந்தது. எல்லாம் வெள்ளை முடி. அவருடைய சட்டை அலமாரியிலும் கருவிப் பெட்டியிலும் மட்டும் எதுவும் இல்லை.

சின்னவள் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். காப்பி போடத்தான்.

"அதை வை" என்றார் அவர். "திறந்தா கண்டுபிடிச்சுடுவா."

அன்று எல்லோரும் சர்க்கரை இல்லாமல் குடித்தார்கள்.