எருமை மேல் உட்கார்ந்த பெரியவர்: வெண்ணந்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் பார்க்கப் போன கதை

பள்ளிக்கூடம் பார்க்கப் போவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று ஊர் ஊராக அலைகிற பெற்றோர் சிலர் என் பதிவுகளுக்குக் கீழே கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். நான் போனது 1983 ஜூன் மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாமே சேலம் ஜில்லாதான்.

எனக்கு இருபத்து நான்கு வயது. சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டர் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சு காதில் விழும். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, யார் எதைச் சொன்னாலும் முழுதாக நம்புகிற பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது. காய்காரம்மா தராசைத் தூக்கினால் நான் தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். வீட்டில் எனக்குச் 'சந்தேகப் பிசாசு' என்றே பெயர். அதனால்தான் சரோஜா அக்கா என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

அக்கா இருந்தது வெண்ணந்தூரில். அவள் வீட்டுக்காரர் பழனிசாமி மாமா போர்வெல் லாரி டிரைவர். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் வண்டியோடு வடக்கே போனால் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் திரும்புவார். அவர்களுக்கு ஒரே மகள், செல்வி. ஐந்து வயது முடிந்திருந்தது. அக்கம்பக்கத்தில் பெண் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் தார் சுற்ற உட்கார்ந்துவிடுவார்கள், அதாவது தறிக்கு வேண்டிய ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றுகிற வேலை. அக்காவும் அப்படி உட்கார்ந்தவள்தான். தன் மகள் அப்படி உட்காரக் கூடாது என்பதில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டரில் புதிதாக ஒரு தொடக்கப் பள்ளி வந்திருந்தது. பள்ளிக்குக் கட்டும் சம்பளம் இல்லை, துணி இலவசம், பெண் பிள்ளைகளை ஐந்தாவது வரை நிறுத்த விடுவதில்லை என்று பேச்சு. அக்காவுக்கு அங்கே சேர்க்க ஆசை. ஆனால் ஊர் அந்தப் பள்ளிக்கு 'எமன் பள்ளிக்கூடம்' என்று பெயர் வைத்திருந்தது. உள்ளே ஒரு கூடத்தில் எருமை மேல் உட்கார்ந்த சாமி படம் இருக்கிறதாம். அதைத் துணி போட்டு மூடியே வைத்திருக்கிறார்களாம். முந்தின வருடம் மகனைச் சேர்த்த ஒரு நெசவாளி நான்கு மாதத்தில் இறந்துபோனாராம். லாரியில் ஊர் ஊராகப் போகிற மாமாவுக்கு அது போதாதா? திங்கட்கிழமை அவர் மறுபடி வண்டி ஏற வேண்டும். அதற்குள் முடிவு தெரிந்தாக வேண்டும்.

காலை ஏழே காலுக்குச் சேலத்தில் டவுன் பஸ் பிடித்தேன். ஆட்டையாம்பட்டி வழியாக வெண்ணந்தூருக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது காசு. ஆட்டையாம்பட்டியில் பஸ் பத்து நிமிடம் நின்றது. அங்கே கை முறுக்கு வாங்காமல் போனால் வீட்டில் உள்ளே விட மாட்டார்கள். ஜன்னல் வழியாகவே வாங்கினேன். எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறைந்தது. கேட்டதும் முறுக்குக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொன்று போட்டார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெண்ணந்தூர் நிறுத்தத்தில் மாமா சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். முன் கம்பியில் துண்டை மடித்துப் போட்டு அதில் செல்வியை உட்கார வைத்திருந்தார்.

"அக்கா வரலீங்களா மாமா?" என்றேன்.

"அவ வந்தா அழுதே சேத்திப்போடுவா அம்முணி. நீ இருந்தாப் போதும். நீதான் எதையும் நம்ப மாட்டியே" என்றார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். சோளக்காட்டுக்கு நடுவே மண் பாதை. வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் வழி கேட்டோம். "அங்கயா போறீங்க சாமி?" என்று செல்வியை ஒரு பார்வை பார்த்தார். பாதையைக் கையால் காட்டிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மாமா முகம் சுண்டிப் போய்விட்டது.

பள்ளி பார்க்கச் சுத்தமாக இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர்ப் பக்கம் இனாமாக நடக்கிற எதுவும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ஓடு வேய்ந்த நான்கு வகுப்பறைகள், நடுவில் ஒரு கூடம், பின்னால் கிணறு. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள், தொட்டியில் தண்ணீர். தாழ்ப்பாளைப் போட்டு இழுத்தும் பார்த்தேன், பிடித்தது.

மணி அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, வராந்தாவில் தொங்கிய ஒரு மர மீனை ஒரு டீச்சர் குச்சியால் தட்டினார். குடைந்து செய்த பெரிய மீன், 'டொக் டொக்' என்று சத்தம். மீன் எதற்கு? மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். சத்தம் கேட்டதும் எண்பது தொண்ணூறு பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினார்கள். அது சரி. பிறகு அத்தனை பேரும் கையை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கி, மூச்சை இழுத்து விட்டார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை. சின்னப் பிள்ளைகள் பேசாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வகுப்புக்குப் போகும்போது ஒரு சிறுமியைத் தனியாகப் பிடித்தேன். மூன்றாவது படிக்கிறாள்.

"கண்ண மூடி என்ன சாமி கும்புட்டீங்க?"

"சாமியெல்லாம் கும்புடலீங்க. சும்மா உக்காந்திருந்தோம்."

"என்னத்த நெனச்ச?"

"பசிக்குதுன்னு நெனச்சனுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். சொல்லிக் கொடுத்த பதில் மாதிரி தெரியவில்லை.

தலைமை ஆசிரியர் அர்த்தநாரி, அறுபதை நெருங்கியவர், மெலிந்த உடம்பு. பினாங்கில் ஒரு சீனர் கடையில் பல வருடம் வேலை பார்த்தவராம். அங்கே சீனர்களின் பழைய தாவோ நெறிக் கோயில் ஒன்றின் சங்கம் தொடக்கப் பள்ளி நடத்துகிறது. அவர் பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். ஊர் திரும்பும்போது, எங்கள் பக்கமும் இப்படி ஒன்று வேண்டும் என்று சங்கத்தாரிடம் கேட்டிருக்கிறார். கட்டடமும் துணியும் அவர்கள் உபயம், பாடப் புத்தகம் மட்டும் நம் சர்க்கார் புத்தகம்.

"அவங்களுக்கு இதுல என்னங்க லாபம்?" என்று நேராகவே கேட்டேன்.

"அத நானும் கேட்டனுங்க. சிரிச்சாங்க, அவ்வளவுதான்" என்றார். எனக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. இன்றும் இல்லை.

பள்ளியைச் சுற்றிக் காட்டினார். மர மீன், மூச்சு இழுப்பதெல்லாம் அந்தச் சீனப் பள்ளி வழக்கமாம். ஒன்றாவதும் இரண்டாவதும் ஒரே அறையில், பெரிய பிள்ளை ஒன்றுக்குச் சின்னப் பிள்ளை ஒன்று ஜோடி. மதியம் வரைக்கும் தமிழும் கணக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு படம் வரைவது, கிணற்றடியில் ஆளுக்கொரு கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விடுவது. அந்தக் கீரைதான் மறுநாள் குழம்பில். என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது வேறு ஒன்று. நெசவாளர் வீடுகளில் விடிகாலையில் தெருவில் பாவு, அதாவது தறியின் நீளவாட்டு நூல், நீட்டுவார்கள். நூலைப் பிடிக்க வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும். வேறு பள்ளியில் அந்தப் பிள்ளை தாமதமாக வந்தால் வெளியே முட்டி போட வேண்டும். இரண்டு நாள் முட்டி போட்டால் மூன்றாம் நாள் வராது. இங்கே பத்தரைக்கு அவர்களுக்கென்றே தனியாக ஒரு வகுப்பு, 'பாவு வகுப்பு' என்று அதற்குப் பெயர்.

"ஊட்டு வேலையோட சண்டைக்குப் போனா புள்ளைதானுங்க நமக்கு இல்லாமப் போகும்" என்றார் அர்த்தநாரி.

மாமாவுக்கு வேறு கவலை. "அடிக்கவே மாட்டீங்களாமே? அடிக்காம எப்படீங்க படிப்பு வரும்?"

"அடிச்சு வந்துச்சுங்களா உங்களுக்கு?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "இல்லீங்க" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் கூடத்துக்கு வந்தோம். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம், மேலே நீலத் துணி. மாமா செல்வியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இத எதுக்குங்க மூடி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

அர்த்தநாரி தலையைச் சொறிந்தார். "படம் கூடத்துல இருக்கோணும்னு பினாங்குக்காரங்க ஒரே ஒரு கண்டிசன் போட்டாங்க. சரின்னு வாக்குக் குடுத்துட்டனுங்க. இங்க வந்து மாட்டினா, எருமையப் பாத்துப்போட்டு ஊரே எமன்னு சொல்லுது. அங்க எனக்கு அப்படித் தோணவே இல்லீங்க. கழட்டவும் முடியல. இருக்கோணும்னுதானுங்க சொன்னாங்க, தெரியோணும்னு சொல்லலையே? அதான் துணியப் போட்டேன்."

அங்கேதான் எனக்கு அந்த மனிதர் மேல் முதல் முறையாக நம்பிக்கை வந்தது. அதுவரை அவர் பேசியதெல்லாம் ரொம்ப நல்லதாக இருந்தது. கொஞ்சம் கள்ளத்தனம் தெரிந்த பிறகு அவர் நம்ம ஆள் ஆகிவிட்டார். ஆனால் கோபமும் வந்தது. "மூடினதாலதானுங்க பேச்சே பெருசாச்சு. மூடி வெச்ச சட்டிய எவன் சும்மா உடுவான்?" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் மாமா போய்த் துணியை விலக்கிவிட்டார்.

வெள்ளைத் தாடி, நரைத்த கொண்டை, லேசாகச் சிரிக்கிற முகம். கையில் ஒரு காகிதச் சுருள். எருமை தலையைத் தொங்கப்போட்டு நடந்துகொண்டிருந்தது. மாமா குடியானவர் வீட்டில் பிறந்தவர், மாட்டைப் பார்த்து வளர்ந்தவர். பெரியவரை விட்டுவிட்டு எருமையைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கணாங்கயிறு இல்ல" என்றார். "கையிலயும் கயிறு இல்ல. பாசக்கயிறு இல்லாம எமன் எதுக்குங்க வருவான்?"

அவர் எங்களிடம் கேட்கவில்லை, தன்னிடமே கேட்டுக்கொண்டார். பிறகு, "இதுக்கு வெளக்கு வெப்பீங்களா?" என்று அர்த்தநாரியிடம் கேட்டார்.

"இல்லீங்க. பூவும் வெக்கறதில்ல. அவங்க நெறிய மொதல்ல சொன்ன பெரியவருங்க, எருமையில ஏறி ஊர விட்டுப் போறாராம்."

மாமா சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துச் செல்வியின் நெற்றியில் பட்டையாகப் பூசினார். "சேத்துக்கோங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கிளம்பும்போது அர்த்தநாரி துணியை மறுபடி மாட்டப் போனார். நான் அதைப் பிடுங்கி மடித்து அவர் மேசையில் வைத்தேன்.

இனி பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்குச் சிலது. சேர்க்கை நாளில் போகாதீர்கள், அன்றைக்கு எல்லாப் பள்ளியும் கல்யாண வீடுதான். சாதாரண நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், காலையில் போங்கள். அலுவலக அறைக்கு முன்னால் கழிப்பறையைப் பாருங்கள், தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையிடமாவது டீச்சர் இல்லாத இடத்தில் பேசுங்கள். தாமதமாக வருகிற பிள்ளையை என்ன செய்கிறார்கள் என்று நின்று கவனியுங்கள், பள்ளியின் குணம் அதில் தெரிந்துவிடும். மூடி வைத்திருப்பது எதுவானாலும் திறந்து காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். இப்போது சேலத்திலிருந்து அந்தப் பக்கம் நிறைய பஸ் போகிறது. முறுக்கு வாங்கினால் எண்ணி வாங்குங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகும். மாமா வடக்கே போன மூன்றாம் மாதம், மதிய ஷிஃப்டில் நான் போர்டில் இருந்தேன். நாக்பூரிலிருந்து சேலத்துக்கு ஒரு கால். எங்கள் எக்ஸ்சேஞ்ச் எண்ணையே கேட்டு, என் பெயரைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மாமா பேசினார். ரிக்கில் ராடு இறக்கும்போது சரிந்து காலில் விழுந்துவிட்டதாம். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம்.

நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே, முதலில் கண்ணில் வந்தது அந்த எருமைதான். நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்பது எனக்கு அப்போதே கேட்டது. மாமாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"அம்முணி, பேச்சு பரவறதுக்குள்ள நீ இன்னிக்கே போயி உங்கக்காகிட்டச் சொல்லிப்போடு" என்றார். லைன் இரைந்தது. "யாரு என்ன சொன்னாலும் புள்ளையப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்த வேண்டாம்னு நான் சொன்னேன்னு சொல்லு."

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா மாமா?"

டிரங்க் காலுக்கு உரிய மூன்று நிமிடம் முடியப்போவதற்கான சத்தம் வந்தது.

"இருக்குது சாமி. ரொம்ப இருக்குது. இருந்தாலும் அவ போகட்டும்."

லீவு சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே வெண்ணந்தூர் பஸ் ஏறினேன். மறுநாள் காலை செல்வியைப் பள்ளிக்கூடத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன், ஊர் பார்க்க, நடுத்தெரு வழியாக.