சந்தனம் மூடிய சிவப்பு விளக்கு

அந்தக் காரை வாங்கிய நாளில் எனக்கிருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. மலாக்கா டவுனில், காஜா பெராங்கில் வீடுவீடாக வயரிங் போட்டுக்கொண்டிருந்தவனுக்குக் கார் என்றால் சும்மாவா? டேஷ்போர்டு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகாமல் நானே ஒரு பலகையை அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்துப் பொருத்தினேன். அதில் மூன்று சின்ன விளக்குகள். பேட்டரிக்குப் பச்சை, ஹெட்லைட்டுக்கு நீலம், எஞ்சின் ஆயிலுக்குச் சிவப்பு. சாவியைத் திருப்பினால் சிவப்பு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் ஆயில் ஏறவில்லை, வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

அந்தச் சிவப்பு மட்டும் எரியவே இல்லை.

பல்பை மாற்றினேன். ஹோல்டரை மாற்றினேன். வயரை உருவிப் போட்டுப் புது வயர் இழுத்தேன். பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் கண் சிமிட்டும், கையை எடுத்தால் செத்துப்போகும். மூன்று வாரம் இப்படி என் உயிரை வாங்கியது. “வீட்டுக்கெல்லாம் லைட்டு போடுற ஆளுக்கு இத்துனூண்டு லைட்டு எரிய மாட்டேங்குதே” என்று என் மனைவி சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அப்போது மலாயா சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் நிறையப் போகிற நேரம். அதற்குள் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டால் மலாய்ப் பரீட்சை கிடையாது. நான் மலாக்காவில் பிறந்தவன், எனக்குக் கவலையில்லை. என் அண்ணன் இந்தியாவில் பிறந்து, அப்பாவின் தோளில் உட்கார்ந்து கப்பலேறி வந்தவர். பத்து பெரெண்டாமுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார். மீன்காரரிடம் விலை பேசும் அளவுக்கு மலாய் வரும். எதிரே ஓர் அதிகாரி உட்கார்ந்து கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனுவோடு தோட்டத்துக் கடிதமும் வேண்டும். அதில் கையெழுத்துப் போட அந்தத் தோட்டத்துத் துரை இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்.

கெடுவுக்கு முந்தின சாயங்காலம்தான் கோளாறு எங்கே என்று எனக்குப் புலப்பட்டது. வீட்டு வயரிங்காரன் புத்தி, பலகையையே நோண்டிக்கொண்டிருந்தேன். எஞ்சினில் செருகியிருக்கும் ஆயில் சுவிட்சில்தான் அழுக்கு. அதைக் கழற்றித் துடைத்து, கையால் திருகி மாட்டினேன். முடுக்குவதற்கு ஸ்பேனரைத் தேடும்போது தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி அனுப்பிய ஆள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

“நாளைக்கு ரெண்டு மணிக்குத் தொர கையெழுத்துப் போடுறாராம். டவுனுல மனு வாங்குற ஆபீச நாலு மணிக்குச் சாத்திருவாங்க. ஒங்கண்ணன் பஸ்சுலயே போயிர்றேங்கிறாரு.”

“பஸ்சாவது ஒண்ணாவது! நானே காருல வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் போனதும் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். சிவப்பு பளிச்சென்று எரிந்தது! எஞ்சினைக் கிளப்பினேன், சமர்த்தாக அணைந்தது. “எரியுதுடி!” என்று கத்தினேன். அந்தச் சந்தோஷத்தில் ஸ்பேனர் மறந்தே போயிற்று.

மறுநாள் புறப்படும்போது மனைவி கிண்ணத்தோடு வந்தாள். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி அல்லவா? ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு, மூன்று விளக்குக்கும் தாராளமாகச் சந்தனம், மேலே குங்குமம். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடிதத்தோடு அண்ணன் ஏறினார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். ஒரு மைல் போயிருப்போம்.

“தம்பி, ஏதோ கருகுற வாடை வருதுடா.”

“ரப்பர் காயவெக்கிற பொகைக்கூண்டு வாடைண்ணே. வண்டியில ஏதாச்சுன்னா லைட்டு எரிஞ்சிருமே!”

மூன்று பொட்டுகளும் மங்களகரமாக இருந்தன. அடுத்த வளைவில் எஞ்சின் கடகடவென்று அலறியது, ஓர் உதறு உதறியது, நின்றது. சாவி திரும்பியபடியே இருந்தது. கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்தேன். அதன் அடியில் சிவப்பு விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஆள் நடமாட்டமே இல்லை. நான் பானட்டைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன செய்ய? இறுகிப்போன எஞ்சினை வைத்துக்கொண்டு யாரால்தான் என்ன செய்ய முடியும்? அண்ணன் வந்த வழியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார், கடிதத்தைச் சட்டைக்குள் செருகினார், நடக்க ஆரம்பித்தார். பஸ் ஒன்று நிற்காமல் போயிற்று. கடைசியில் அன்னாசி ஏற்றிய லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலேகால். ஆபீஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவரிடம் என் நல்ல மலாயில் கெஞ்சினேன். அவர் பாவம், பூட்டுவதைத் தவிர அவர் கையில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியைப் பிடிபிடியென்று பிடித்தேன். “ஒன்னோட பொட்டாலதாண்டி எங்கண்ணன் நாசமாப் போனாரு!” சொந்தபந்தம் எல்லாம் அப்படியே நம்பியது. மறுநாள் காரை இழுத்து வந்தபோது, நான் முடுக்காமல் விட்ட ஆயில் சுவிட்ச் விரலாலேயே கழன்று வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் துணிவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் இரண்டு முறை பரீட்சைக்குப் போனார். இரண்டு முறையும் வாயே திறக்க வரவில்லை. பிறகு பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாளக் கார்டு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, பிரஜை அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். அவருக்குக் கிடைக்கவில்லை. நினைவே இல்லாத ஓர் ஊருக்குக் கப்பலேறக் கிள்ளான் துறைமுகத்தில் பெட்டியோடு நின்றார்.

என் மனைவி அண்ணன் முன்னால் நின்று தேம்பினாள். “மாமா, அன்னிக்கு நான் மட்டும் அந்தப் பொட்ட வெக்காம இருந்திருந்தா...”

“அட, போம்மா! பொட்டு என்னா செஞ்சிச்சு? அன்னிக்கு நான் திரும்பிப் பாத்தேனே, வந்த ரோடு பூரா ஆயிலு ஒழுகிக் கெடந்திச்சு. எவனோ சரியா முடுக்காம வுட்டுட்டான்.”

எவனோ என்றுதான் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. என் மனைவிதான் திரும்பினாள்.