கீழ்ப் போர்ஷன்

காளிகாட்டில் என் மாமனார் மேலும் கீழுமாக இரண்டு போர்ஷன் கட்டிய வீட்டை மதிப்புப் போட, போன மாதம் ஒருவர் வந்தார். நான் உயில் எழுதுவதற்காக என் மகன்தான் சால்ட் லேக்கிலிருந்து அவரை அழைத்து வந்தான். ஒரே பிள்ளை. எல்லாம் தனக்குத்தான், எவ்வளவு என்பதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், அளந்தார், எழுதிக்கொண்டார். பிறகு வங்காளியில் கேட்டார், "கீழே வாடகைக்கு யாராவது இருக்காங்களா, மாஷிமா?"

இதே கூடத்தில் இதே கேள்வியை முன்பும் மதிப்புப் போட வந்த ஒருவர் கேட்டிருக்கிறார். "இருக்கான், காலி பண்ணவே மாட்டான்" என்று பதில் சொன்னவர் என் கணவர்.

மாமனார் போனபின் வீடு அவருக்கும் அவர் தங்கைக்கும் சரிபாதி. அவள் பங்குக்குப் பணம் கொடுத்துவிட்டு வீட்டை நாங்களே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. இந்த ஊரில் பழைய வாடகைக்காரர் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குப் பாதி விலைகூடத் தேறாது. ஆனால் கீழ்ப் போர்ஷன்காரர் சீக்கிரமே காலி செய்வதாக எழுதியே கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தைத் துவரம்பருப்பு டின்னில் ஒளித்து வைத்தது நான்தான். என் கணவர் சொன்னாராம், நான் செய்தேனாம்! அப்படிச் சொல்லித் தப்பிக்க வெட்கமாக இருக்கிறது.

நாத்தனார் வந்தாள். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, குறைந்த மதிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பிறகு கீழே காலியானபோதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்று மட்டும் மாறியது. எப்போது வந்தாலும் சமையலறைக்கே வந்து என் பின்னால் நின்று, சர்க்கரையைத் தானே போட்டுக்கொள்வாள். எனக்கு ஒரு வேலை குறையட்டும் என்றுதான் என நினைத்தேன்.

அவள் செத்து ஆறு வருடம் ஆகிறது. இன்னும் வருகிறாள். நாலு மணிக்கு டிகாக்ஷன் இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். திரும்பினால் யாருமில்லை. பருப்பு டின்னைத் தூக்கி எறிந்து பார்த்தேன், அப்போதும் வந்தாள். என் கணவர் ஒருநாளும் வந்ததில்லை. காரியத்தை முடித்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார், மகராஜன்.

"இருக்கான்னே சொல்லேம்மா. கம்மியாப் போட்டா வரி வம்பு இல்லை" என்றான் மகன். அச்சு அசல் அவன் அப்பா குரல்.

கீழே யாரும் இல்லை, உள்ள விலையைப் போடுங்கள் என்று வந்தவரிடம் சொன்னேன். அவர் போனதும் மகனிடம், "பாதி அத்தை பொண்ணுக்கு" என்றேன்.

"பைத்தியமா உனக்கு? அத்தைதான் அன்னிக்கே கையெழுத்துப் போட்டாச்சே!"

"எதை மறைச்சுக் கையெழுத்து வாங்கினோம்னு எனக்குத் தெரியும்டா."

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனவன், இன்னும் போன் பண்ணவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது, நானும் பண்ணவில்லை.

மதிப்பு ரிப்போர்ட் வந்ததும் பெங்களூரில் இருக்கும் நாத்தனார் மகளைக் கூப்பிட்டேன். ஒன்று விடாமல் சொல்லி அழுதேன்.

"அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும், மாமி."

"யார் சொன்னா?"

"நீங்கதான். காபில சர்க்கரையே போடலையாம். மன்னி ஒருநாளும் மறக்கமாட்டாளே, ஏதோ இருக்குன்னு புரிஞ்சுடுத்தாம். காட்டிக்காம குடிச்சாளாம்."

"ஏன்டீ ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டுட்டா அப்புறம் அந்த வீட்டுக்கு எப்படி வரதுன்னு அம்மா சொன்னா, மாமி."

போனை வைத்தபோது மணி நாலு. இரண்டு டம்ளரில் காபி கலந்தேன். அவள் டம்ளரில் நானே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஆற்றினேன். ஆறி ஏடு படியும்வரை அங்கேயே நின்றேன். அன்றைக்குப் பார்த்து அவள் வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.